டீசலா, ஹைபிரிட்டா, மின்சாரமா? வெளிநாட்டு வீடியோ பார்த்து மலையகத்தில் கார் எடுப்பது எப்படி

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டதிலிருந்து ஹட்டனிலும் பண்டாரவளையிலும் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் கார் பேச்சுத்தான். பேசுகிறவர் கையில் ஒரு போன், போனில் ஒரு வீடியோ. டெக்சாஸ்காரர் ஒருவர் டீசல் காரே தலைவலி என்கிறார். ஜெர்மன்காரர் ஒருவர் தன் டீசல் கார் மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடியும் ஆட்டம் காணவில்லை என்கிறார். நோர்வேக்காரர், இன்னுமா எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று சிரிக்கிறார். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் நாட்டு வரி, அவரவர் பெற்றோல் ஷெட்டில் கிடைக்கிற எண்ணெய், அவரவர் ரோடு, இவற்றை வைத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலிருந்து அவர் ஊரைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நம் ஏத்தத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் வரியைப் பாருங்கள்

ஐரோப்பாக்காரர் டீசல் வாங்கியதற்கும் அமெரிக்கர் வாங்காததற்கும் எஞ்சினை விட வரிதான் பெரிய காரணம். அமெரிக்காவில் மத்திய அரசின் வரி ஒரு கலனுக்குப் பெற்றோலில் 18.4 சதம், டீசலில் 24.4 சதம். 1993இல் வைத்த கணக்கு, இன்னும் அப்படியே இருக்கிறது. அதாவது டீசல் ஊற்றுகிறவர் கூடுதலாகக் கட்டுகிறார். ஜெர்மனியில் தலைகீழ்: லீற்றருக்குப் பெற்றோலில் 65.45 யூரோ சதம், டீசலில் 47.04. பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே வரிதான், ஆனால் 2001இலிருந்து வருடாந்த வாகன வரியைப் புகைக்குழாயிலிருந்து வரும் காபனீரொட்சைட்டின் அளவைப் பார்த்துப் போட்டார்கள். டீசல் எஞ்சின் குறைவாக எரிப்பதால் அதுவும் டீசலுக்கே சாதகமாகப் போனது.

இதற்கு மேல், 1998இல் ஐரோப்பியக் கார் கம்பனிகள் 2008க்குள் புதுக் கார்களின் சராசரி காபனீரொட்சைட்டை கிலோமீற்றருக்கு 140 கிராமுக்குக் கொண்டுவருவோம் என்று ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய வருடம்தான் அல்ஃபா ரோமியோ 156இல் கொமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற முறை) வந்திருந்தது, பழைய டக டக சத்தம் குறைந்து இழுவை கூடியது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. 1978இலிருந்து 1985 வரை ஓல்ட்ஸ்மொபில் போட்ட வி8 டீசலில் சிலிண்டர் ஹெட் போல்ட் தாங்கவில்லை, எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிகூட இல்லை. ஒரு தலைமுறைக்கே டீசல் என்றால் வெறுப்பு வந்துவிட்டது. அப்புறம் கலிபோர்னியாவில் ஆரம்பித்து நைதரசன் ஒட்சைட்டுக்கு ஐரோப்பாவை விடக் கடுமையான எல்லை. அந்த எல்லையைச் சோதனைக் கூடத்தில் மட்டும் தொட்டுக் காட்டி, ரோட்டில் பல மடங்கு விட்டதற்காகத்தான் 2015 செப்டெம்பரில் ஃபொக்ஸ்வாகன் பிடிபட்டது. அமெரிக்காவில் சுமார் 4,82,000 கார்கள், உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம். ஐரோப்பாவிலும் அதோடு டீசல் இறங்க ஆரம்பித்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதுக் கார்களில் டீசல் 11.9 வீதம்தான்.

ஆகவே "டீசல் லாபம்" என்று ஒருவர் சொல்லும்போது வீடியோவை நிறுத்திவிட்டு, அவர் ஊரில் பெற்றோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்று தேடுங்கள். நமக்கே இது நன்றாகத் தெரிய வேண்டும். 2021 ஜூனில் விலை ஏற்றுவதற்கு முன் 92 பெற்றோல் 137 ரூபா, சாதாரண டீசலான ஒட்டோ டீசல் 104. அந்தக் காலத்தில் டீசல் கார் வைத்திருந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இப்போது அந்த இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது, சுப்பர் டீசல் ஊற்றினால் 92 பெற்றோலை விடக் கூடவே போகும். மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று அந்தப் பழைய கணக்கை இன்றைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கணக்கு இப்படிப் போடுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர், எண்ணெய் எதுவானாலும் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மலையில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் போகிற பெற்றோல் காருக்குச் சுமார் 27,300 ரூபா. 14 போகிற டீசலுக்கு 21,400. எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் 18 போனால் அதற்கு 16,700. டீசலில் மாதம் மிஞ்சுவது ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது லீசிங்காரரிடம் அந்த டீசல் காருக்கும் பெற்றோல் காருக்கும் மாதத் தவணை எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். இறக்குமதி வரி எஞ்சின் சிசியையும், மின்சாரக் காரானால் மோட்டாரின் கிலோவாட்டையும் பார்த்துப் போடப்படுவதால் பெரிய டீசல் எஞ்சினுக்கு விலையிலேயே சுமை ஏறி உட்கார்ந்திருக்கும். மாதம் 400 கிலோமீற்றர் கூட ஓடாத வாத்தியார் வீட்டுக்கு டீசல் கணக்கு சரியே வராது. தினமும் கொழும்புக்கு ஹயர் ஓடுகிற வேனுக்கு வரும்.

எண்களை நம் எண்ணாக மாற்றுங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், பிரிட்டிஷ் கலன் 4.546 லீற்றர். "கலனுக்கு 50 மைல்" என்று அமெரிக்கர் சொன்னால் லீற்றருக்கு 21 கிலோமீற்றர், பிரிட்டிஷ்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் 17.7 தான். ஐரோப்பாக்காரர் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று சொல்லுவார், 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் கணக்கு வரும். 5 என்றால் 20.

பெற்றோல் பம்பில் 92, 95 என்று எழுதுகிற ஒக்டேன் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கப் பம்பில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கே மட்டமான பெற்றோல் என்று நினைக்கிறார்கள். அவர்கள் அளக்கும் முறை வேறு, அந்த 87 ஏறக்குறைய நம் 92தான். ஐரோப்பாவில் சாதாரணப் பெற்றோலே 95. ஜப்பானிலிருந்து வருகிற சாதாரணக் கார்கள் அங்கே 90ஐ ஒட்டிய பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை, நம் 92 தாராளம். ஐரோப்பிய டர்போ பெற்றோல் கார் எடுத்தால் 95 கேட்கும், உள்ளூரில் இருக்கிற சின்ன ஷெட்டில் அது எப்போதும் இருக்குமா என்று காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

அப்புறம் சோதனை எண், அதாவது லீற்றருக்கு இத்தனை, ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று கம்பனி சொல்கிற எண். ஐரோப்பாவில் 2017 வரை பயன்படுத்திய பழைய சோதனைக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய், 2015 வாக்கில் இடைவெளி 40 வீதம் வரை வந்தது. முதல் நிசான் லீஃபையே எடுங்கள்: ஒரே கார், ஒரே பற்றரி, ஜப்பான் சோதனையில் 200 கிலோமீற்றர், ஐரோப்பியச் சோதனையில் 175, அமெரிக்கச் சோதனையில் 117. மலைக்கு அமெரிக்க எண்ணை எடுத்து அதிலிருந்தும் கழியுங்கள். விற்கிறவர் எந்த எண்ணைச் சொல்லுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயில் என்ன இருக்கிறது

அமெரிக்காவில் 2006இலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் 2009இலிருந்து 10 பங்கு. அங்கே வருகிற புது டீசல் கார்கள் அந்த எண்ணெயை நம்பிச் செய்யப்பட்டவை. நம் ஒட்டோ டீசலில் கந்தகம் அதை விடப் பல மடங்கு, சுப்பர் டீசலில் குறைவு. பழைய சீஈ ரக டீசல் கொரொல்லா, டவுன்ஏஸ், டொல்பின் வேன் எல்லாம் எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு ஓடும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு புது கொமன் ரெயில் டீசலைத் தொடாதீர்கள்.

புது டீசலில் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு புகைக்கரி வடிகட்டி இருக்கும். கரி நிறைந்ததும் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தெளித்து, வடிகட்டியைச் சுமார் 600 பாகை வரை சூடாக்கி, கரியை எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இருபது நிமிடம் போல நிறுத்தாமல் ஓட வேண்டும். ஜெர்மன்காரருக்கு ஆட்டோபானில் இது தானாக நடந்துவிடுகிறது, அவருக்கு அப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது. லண்டனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு மட்டும் ஓடுகிறவர்தான் மஞ்சள் விளக்கைப் பார்த்துக் கத்துகிறார். நம் ஆட்களில் இரண்டு வகையும் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது கினிகத்தேனவிலிருந்து வட்டவளை வரை ஏறுகிறவருக்குப் பயமில்லை, ஏத்தத்தில் புகைக்குழாய் தானாகவே கொதிக்கும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஆறு கிலோமீற்றர் குலுங்கி இறங்கி, சாமான் வாங்கி, திரும்ப ஏறி, எஞ்சின் சூடாகும் முன்னே நிறுத்துகிறவர் டிபிஎஃப் உள்ள டீசல் எடுக்கவே வேண்டாம். கந்தகம் கூடின எண்ணெய் இதை இன்னும் மோசமாக்கும். எடுத்தே தீருவேன் என்றால் சுப்பர் டீசல் மட்டும் ஊற்றுங்கள், அந்த விலையை மேலே சொன்ன கணக்கில் சேருங்கள்.

மண்ணெண்ணெய் விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பக்கத்தில் சர்வ சாதாரணமாகப் பேசப்படுகிற ஒன்று. டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் மிச்சம் என்பார்கள். கொமன் ரெயில் பம்பின் உள்பாகங்களுக்கு மசகு போடுவதே அந்த டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பம்ப் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டருக்குப் போய், நான்கும் ஒன்றாகப் போகும். வேன் வாங்கும்போது டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், நம் வீடுகளில் அந்த வாசனை தெரியாதவர் யார்?

உயரம்

அமெரிக்கர், ஐரோப்பியர் இருவரில் யார் பேச்சு நமக்கு அதிகம் பயன்படும் என்றால், என் பதில் கொலராடோக்காரர். அந்த மாநிலத்து டென்வர் நகரம் 1,609 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா அதையும் தாண்டி 1,868. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விடச் சுமார் 20 வீதம் குறைவு, ஹட்டனில் 14 வீதம் போல. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் அந்த அளவுக்குக் காற்றை இழக்கிறது, காற்று குறைந்தால் இழுவையும் குறையும். 1000 சிசி பெற்றோல் கார் மேலே போகப் போக 800 சிசி காராக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ உள்ள எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு தூரம் இழப்பதில்லை. பழைய டர்போ இல்லாத டீசல் வேன்கள் நானுஓயா ஏத்தத்தில் கறுப்புப் புகை தள்ளுவதும் இதனால்தான்: டீசல் அதே அளவு போகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. கொழும்பில் செட் பண்ணின பம்பை மேலே கொண்டுவந்து ஓட்டினால் அப்படித்தான்.

ஆகவே வீடியோ தேடும்போது காரின் பெயரோடு டென்வர் என்றோ, ஐரோப்பாக்காரர் வேண்டுமானால் சுவிஸ், ஆஸ்திரிய மலைப்பாதை என்றோ சேர்த்துத் தேடுங்கள். நெதர்லாந்துக்காரர் கார் நன்றாக ஏறுகிறது என்று சொன்னால் எதில் ஏறினார் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, அமெரிக்கர் டீசல் இழுவையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆறு லீற்றருக்கு மேல் எஞ்சின் உள்ள பிக்கப்பை மனதில் வைத்துப் பேசுகிறார். அதற்கும் நாம் பார்க்கிற 1.5 லீற்றர் டீசலுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

கியர் பெட்டியும் இந்த இடத்தில்தான் வரும். ஐரோப்பியச் சின்னக் கார்களிலும் சில ஜப்பான் ஹைபிரிட்களிலும் உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி (எண்ணெயில் ஊறாத இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிப்பது) இருக்கிறது. வேகமான ரோட்டில் அருமை. ஏத்தத்தில் லொறிக்குப் பின்னால் நின்று நின்று ஊர்ந்தால் கிளட்ச் சூடாகி, வண்டியை ஓரம் கட்டு என்று எச்சரிக்கை வரும். கண்டிக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே பெரஹரா காலத்தில் மாட்டிக்கொண்டால் இதன் அருமை புரியும். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுக்கிற சாதாரண டோர்க் கன்வேர்ட்டர் ஒட்டோ கியரும், டொயோட்டா மாதிரியான கிரகப்பல்லு ஹைபிரிட் அமைப்பும் இதைச் சத்தமில்லாமல் தாங்கும்.

ஹைபிரிட்டை இறக்கத்தில் ஓட்டுவது

அமெரிக்கர் டீசலுக்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டது ஹைபிரிட்டை. பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, 2000இல் அமெரிக்காவில். ஐரோப்பாக்காரர் டீசல் இருக்கும்போது இது எதற்கு என்று ரொம்பக் காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, 2015க்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். 2024இல் அங்கே ஹைபிரிட் 30.9 வீதம். ஆனால் அந்த எண்ணுக்குள் சும்மா ஸ்டார்ட்டருக்கு உதவி செய்கிற சின்ன மோட்டார் வைத்தவையும் அடக்கம். நம் சந்தையிலும் ஹைபிரிட் ஸ்டிக்கர் ஒட்டின 660 சிசி கார்கள் உண்டு, அந்த மோட்டார் காரைத் தனியாக ஏத்தத்தில் இழுக்காது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளை ஏறும்போது ஸ்டிக்கர் உதவிக்கு வராது.

மோட்டார் தனியாகவே காரை ஓட்டக்கூடிய முழு ஹைபிரிட்டை மலையில் ஓட்டுகிற முறை நான் பார்த்த எந்த ஊர் வீடியோவிலும் சரியாகச் சொல்லப்படவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இறக்கத்தில் மோட்டார் பிரேக்காக வேலை செய்து பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும். ஆனால் அக்வா மாதிரிக் காரில் மொத்தப் பற்றரியே ஒரு கிலோவாட் மணிக்கு (மின்சாரப் பில்லில் ஒரு யூனிட்) கொஞ்சம் குறைவு, அதிலும் கம்ப்யூட்டர் பாதியைத்தான் பயன்படுத்த விடும். ஆட்களோடு 1,400 கிலோ உள்ள கார் 100 மீற்றர் உயரம் இறங்கினால் 0.38 கிலோவாட் மணி சக்தி வெளியே வருகிறது, டயரும் காற்றும் தின்றது போக மிச்சம் பற்றரிக்கு. அப்படியானால் மூன்று, நான்கு நூறு மீற்றர் இறங்குவதற்குள் பற்றரி நிறைந்துவிடும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குவதோ 1,400 மீற்றர் போல. இறம்பொடை வரும்போதே பற்றரி நிறைந்திருக்கும், அதற்குக் கீழே பிரேக் தகட்டின் மேல் பாரம் கூடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நுவரெலியா தாண்டி இறக்கம் ஆரம்பித்ததுமே கியர் நெம்புகோலை "டி"யிலிருந்து "பி"க்கு மாற்றுங்கள், பார்க்கிங் "பி" அல்ல, பிரேக் "பி". எஞ்சின் சத்தம் திடீரென்று கூடும், பயப்பட வேண்டாம், எண்ணெய் எரியவில்லை, எஞ்சினைச் சும்மா சுற்ற வைத்து வேகத்தைப் பிடிக்கிறது. சமதரைக்கு வந்ததும் திரும்ப "டி". இறங்கி முடித்து நிறுத்தியதும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள், கருகின வாடை வந்தால் நீங்கள் இன்னும் பிரேக்கில்தான் இறங்குகிறீர்கள்.

இன்னொரு வேலை, பின் சீட்டுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று எடுக்கிற சின்ன ஓட்டை இருக்கும். தோட்டத்து ரோட்டுப் புழுதியும் சீட்டுப் பஞ்சும் அங்கே அடைத்துக்கொள்ளும். அதன் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி ஒவ்வொரு சர்வீஸிலும் கேளுங்கள். பற்றரி போய்விட்டது என்று கராஜில் சொல்வதில் கொஞ்சம் வெறும் தூசிதான்.

2022ஐயும் மறக்க வேண்டாம். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை ஆரம்பித்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 18 போகிற ஹைபிரிட் அதில் 360 கிலோமீற்றர் போகும், 9 போகிற ஜீப் 180. எந்த அமெரிக்க விமர்சகரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கார் பார்ப்பதில்லை. நாம் கேட்கத்தான் வேண்டும்.

மின்சாரக் கார்

நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது போல முழு மின்சாரக் கார். மலையும் குளிரும் உள்ள நாடுதான், ஆகவே மலையில் ஓடாது என்ற பேச்சு எடுபடாது. அங்கே வரி விலக்கும், நீர் மின்சாரமும், போகிற வழியெல்லாம் சார்ஜரும் இருக்கிறது என்பதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மின்சார வயரைப் பொறுத்தவரை நாம் ஐரோப்பாவின் பக்கம். அமெரிக்க வீட்டுப் பிளக் 120 வோல்ட், அதனால்தான் அவர்கள் ராத்திரி முழுக்கச் செருகியும் ஏறவில்லை என்று புலம்புகிறார்கள். நமக்கு 230, சாதாரணப் பிளக்கிலேயே அவர்களை விட வேகமாக ஏறும். ஆனால் மணிக்கணக்காக ஒரே அளவில் மின்சாரம் இழுக்கும் விஷயம் இது. பழைய லயத்து வயரிங்கிலோ, தோட்டத்து பங்களாவின் அந்தக் காலத்து வயரிலோ செருகாதீர்கள், தனி வயர் இழுத்துத் தனி பிரேக்கர் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் காரின் விலையாகவே நினையுங்கள்.

பழைய ஜப்பான் மின்சாரக் காரில் வேகச் சார்ஜ் துளை சாடெமோ, ஐரோப்பியக் காரில் சிசிஎஸ் 2. அமெரிக்கத் துளை இரண்டிலும் சேராது. நீங்கள் போகிற வழியில் இருக்கிற சார்ஜரில் எந்த வயர் தொங்குகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆப் காட்டுகிறது என்று நம்பிவிட வேண்டாம்.

தூரக் கணக்கு: கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு 1,400 மீற்றர் உயரத்தைத் தூக்குவதற்கு மட்டுமே 6 முதல் 7 கிலோவாட் மணி போகும். ரோட்டுத் தூரத்துக்கு இன்னும் ஏழு போல. மொத்தம் 13, 14. முதல் லீஃபின் பற்றரி புதிதாக இருக்கும்போதே 24, அதில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் நுவரெலியா டவுனுக்குள் நுழையும்போது பற்றரி தீரப்போகிறது என்கிற ஆமைப் படம் எரியும். டாஷ்போர்டின் வலப்பக்கம் பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் 12 சின்னக் கோடுகள் இருக்கும், முதல் கோடு மறைவதற்கே 15 வீதம் தேய்ந்திருக்க வேண்டும். எட்டு, ஒன்பது கோடு உள்ள காரை நுவரெலியா டவுனுக்குள் ஓட்ட மட்டும் வாங்கலாம், விலை அதற்கேற்ற மாதிரி இருந்தால்.

திரும்பி இறங்கும்போது நல்ல பங்கு திரும்பக் கிடைக்கும், ஒரு நிபந்தனையோடு. மேலே வீட்டில் நூறு வீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் வருகிற சக்திக்குப் போக இடமில்லை, மோட்டார் பிரேக்கும் குறைந்துவிடும். கீழே இறங்குகிற நாளில் எண்பதோடு பிளக்கைக் கழற்றுங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள்தான். அப்போது ஷெட்டில் டீசலும் இல்லை.

மற்ற எண்ணெய்கள்

சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எதனோல் 85 வீதம் வரை கலந்த எண்ணெய் அமெரிக்காவில் உண்டு, பிரான்சிலும் சுவீடனிலும் உண்டு, நமக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடுங்கள். எரிவாயுக் கார் இத்தாலியிலும் போலந்திலும் நிறைய ஓடுகிறது. இங்கே மாற்ற ஆசைப்பட்டால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆட்டோகாஸ் ஊற்றுகிற இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சமையல் சிலிண்டரை டிக்கியில் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.

சமையல் எண்ணெயில் பழைய பென்ஸ் டீசலை ஓட்டுகிற கலிபோர்னியா வீடியோக்கள் ஜாலியாக இருக்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள், ஆகவே நடக்காத விஷயம் அல்ல. ஆனால் நமக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய், அது 24 பாகையிலேயே உறைய ஆரம்பிக்கும். லிந்துலையில் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து உருக்குகிறவருக்கு, அதை எஞ்சினில் ஊற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், குளிரில். முதல் நாளே போன் போட்டு, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்க நினைத்திருக்கிறார், அல்லது கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்திருக்கிறார், எதுவானாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். டீசலானால் சாவியைப் பாதி திருப்பி, சுருள் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட். ஒரே தடவையில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் க்ளோ பிளக்கோ இன்ஜெக்டரோ செலவு வைக்கப் போகிறது.

டிபிஎஃப் உள்ள காரானால் எஞ்சினை நிறுத்தி, குழாய் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரலில் பெரிதாக ஒன்றும் ஒட்டாது. கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், புகைச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று அவரிடமே கேளுங்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் ஸ்கானர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹைபிரிட்டில் பற்றரியின் ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜையும் ஏத்தத்தில் ஏறும்போதே பார்க்கச் சொல்லுங்கள், நின்ற இடத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் காட்டும், பாரம் ஏறும்போதுதான் பலவீனமானது தனியாக விழும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். காரில் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஊரிலேயே செங்குத்தான ஏத்தத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, பின்னால் உருளாமல் எடுக்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம் தம்பி, கொஞ்சம் மேலே போய் நிறுத்துவோம் என்று விற்கிறவர் சொன்னால், அந்த இடத்திலேயே இன்னொரு தடவை நிறுத்துங்கள்.